தேங்காய் எண்ணெயில் நின்ற டாங்கி

நகவெட்டியின் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'டிக்' என்று ஒரு வெட்டு, தொடர்ந்து எவர்சில்வர் தட்டில் ஏதோ விழும் 'டிங்'. அந்த டிசம்பர் மாதம் முழுக்க, பகலில் எந்நேரம் வீட்டுக்குள் நுழைந்தாலும் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்த அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அப்பாவைக் கேட்டேவிட்டாள்: "உங்களுக்கு எத்தன வெரலுங்க இருக்குது? ஒரு வாரமா நகம் வெட்டிக்கிட்டே இருக்கறீங்க!"

அப்பா வெட்டிக்கொண்டிருந்தது நகத்தை அல்ல, டாங்கியின் சங்கிலியை. பொம்மை டாங்கிதான். ஆனால் பொம்மை என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அதே அளவு, அதே கணக்கு என்று நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கியவர்கள் வெட்டி, உரசி, ஒட்டிக்கொள்ள வேண்டும். பெங்களூரில் வேலையிலிருந்த சித்தப்பா அந்தப் பெட்டியை வாங்கி வந்து, "அண்ணா, நீ ஓட்டுன வண்டி, இந்தா வூட்டுலயே வச்சுக்க" என்று அப்பாவின் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்பா ராணுவத்தில் பதினேழு வருடம் டாங்கி ஓட்டியவர். தொண்ணூறுகளின் கடைசியில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பணி முடிந்து கறுப்புத் தகரப் பெட்டியோடு கம்பைநல்லூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அதுவரை எனக்கு அவர் 'மே மாதத்து அப்பா'. ஒவ்வொரு வருடமும் கோடை லீவில் வருவார், மாம்பழம் தின்பார், என்னைப் பார்த்து "வளந்துட்டியே பாப்பா" என்பார், போய்விடுவார். இப்போது அக்டோபரில் வந்து, திரும்பிப் போகாத அப்பாவை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. கிணற்று மோட்டார் எப்போது அடம்பிடிக்கும், எந்த வயலுக்கு எந்த மடையைத் திறக்க வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்து கறந்தால் செவலைப் பசு பால் தரும் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. அப்பா உதவப் போனால் செவலை உதைத்தது. மடையைத் திறந்தால் தண்ணீர் பக்கத்துக்காரர் காட்டுக்குப் போனது. ஊர்க்காரர்களிடம் பேசவும் அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை; டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு மாதம் ஓடியது.

சித்தப்பா அந்தப் பெட்டியோடு இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருந்தார். பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலை. புத்தாண்டு கழிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளலாம். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. "உங்களுக்கு எது ஒத்துவருதோ அதப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். மறுபடியும் அவர் மே மாதத்து அப்பாவாகிவிடுவார் என்பதை அந்த வயதிலும் என்னால் கணக்குப் போட முடிந்தது. எப்படியாவது அவரை நிறுத்தியாக வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி, பெட்டிக்குள் இருந்தது என்று நான் நம்பினேன். எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஏசு பிறந்த மாட்டுக்கொட்டிலை வீட்டில் செய்துவைக்கும் 'குடில் போட்டி' உண்டு. திருநாள் அன்று சாயங்காலம் ஃபாதரும் இளைஞர்களும் வீடு வீடாக வந்து குடில் பார்த்து மார்க் போடுவார்கள். வருடா வருடம் முதல் பரிசு டீச்சர் வீட்டுக்குத்தான். காரணம், அவர்கள் குடிலைச் சுற்றி ஒரு சாவி ரயில் ஓடும். அசையாத பொருளுக்கு எங்கள் ஊரில் மதிப்பில்லை. எங்கள் குடிலில் ஒரு டாங்கி ஓடினால் பரிசு எங்களுக்கு. பரிசு வாங்கிய ஊரை விட்டு யாராவது போவார்களா? பதினொரு வயதில் இது எனக்கு அசைக்க முடியாத நியாயமாகத் தோன்றியது.

டாங்கி ஓட வேண்டுமானால் சங்கிலி ஓட வேண்டும். பெட்டியில் இரண்டு வகைச் சங்கிலி இருந்தது. ஒன்று வழவழவென்ற ரப்பர் பட்டை. சக்கரங்கள் மீது இழுத்து மாட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது ட்ராக்கா? அர்ணாக்கவுறு" என்று தூர வைத்துவிட்டார். இன்னொன்று கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டியது. வாழைச் சீப்பில் காய் ஒட்டியிருப்பதுபோல் சட்டங்களில் வரிசையாக ஒட்டியிருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தை உரசி, இரண்டு கண்ணிகளைச் சேர்த்து வைத்து, பக்கவாட்டில் முடி கனத்துக்கு ஓர் ஆணியைச் செருக வேண்டும். ஒரு பக்கத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் கண்ணி; இரண்டு பக்கம். அகலத்தில் ஒரு கண்ணி என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெட்டத் தோதான கருவி எங்கள் வீட்டில் நகவெட்டி ஒன்றுதான்.

வெட்டுவது அப்பா, ஆணி செருகுவது நான். அவருடைய விரல்கள் டாங்கியின் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து மரக்கட்டைபோல ஆகியிருந்தன. அந்த ஆணி அவர் கைக்கு அகப்படாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவோரம் வெளிச்சத்தில் பாயை விரித்து எதிரெதிரே உட்காருவோம். ஆணியின் தலையில் மட்டும் குச்சி முனையால் பசையைத் தொட்டு வைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் பசை மூட்டுக்குள் இறங்கி, கண்ணி மடங்காமல் விறைத்துக்கொள்ளும். முதல் நாள் ஆர்வக்கோளாறில் நான் பசையைத் தாராளமாக வைத்ததில், பன்னிரண்டு கண்ணிகள் ஒரே குச்சியாகி நின்றன. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதிலிருந்து நான்கு கண்ணிகளை வெட்டி டாங்கியின் பின்பக்கம் ஒட்டினார். "ஸ்பேர் இல்லாம வண்டி வெளிய போவக்கூடாது பாப்பா. கண்ணி ஒடஞ்சா அத எடுத்துத்தான் மாட்டுவோம்" என்றார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே மிக நீளமான பேச்சு அதுதான்.

பிறகு பேச்சு தானாக வந்தது. சண்டையைப் பற்றி அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. சங்கிலியைப் பற்றிச் சொல்வார். சங்கிலி கழன்றால் டிரைவர், சுடுபவர், ஆபீசர் என்ற வித்தியாசம் கிடையாது, வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் இறங்கித் தூக்க வேண்டும் என்பார். ரொம்ப இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும், ரொம்பத் தளர விட்டால் கழன்றுவிடும், மேலே லேசாகத் தொங்க வேண்டும் என்று காட்டுவார். அந்த லேசான தொங்கலுக்கு அவர் வைத்த பெயர் 'தொய்வு'. "தொய்வு இருக்கற ட்ராக்குதான் ஓடும்." சக்கரங்களின் அச்சில் பசை போடக் கூடாது, ஓடுகிற இடத்தில் பெயிண்ட் ஆகாது. அதனால் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியிருந்த பச்சை பெயிண்ட் உடம்புக்கு மட்டும். சங்கிலிக்கு என் பென்சிலை உடைத்து, கரியைப் பொடியாக்கி, விரலால் தேய்த்தார். பிளாஸ்டிக் இரும்பாகிவிட்டது.

இரண்டாவது பக்கம் பாதியில் நிற்கும்போது ஆணி தீர்ந்துபோனது. என் கையிலிருந்து தெறித்தவை, பெருக்கும்போது போனவை, பசையில் பாழானவை என்று எல்லாம் சேர்ந்து முப்பதுக்கு மேல் குறைந்தது. அப்பா தரையில் கன்னத்தை வைத்துப் பாய்க்கடியில் தேடினார். அம்மா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய்ப் பழைய மோட்டார் ஒயர் ஒரு துண்டைக் கொண்டுவந்து, பல்லால் மேல்தோலை உரித்து, உள்ளேயிருந்த மெல்லிய செம்புக் கம்பிகளில் ஒன்றை உருவி அப்பாவிடம் நீட்டினாள். கம்பி துளைக்குள் அளவெடுத்ததுபோல் இறங்கியது. அப்பா கம்பியைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாக்கறீங்க? மூணு தடவ அந்த மோட்டார நான்தான பிரிச்சு மாட்டுனேன்" என்று அவளும் பாயில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். அடுப்பில் களி அடிப்பிடித்து, அந்தக் களியைத்தான் மூவரும் தின்றோம். எனக்கு அது ருசியாக இருந்தது.

குடில் வேலையும் கூடவே நடந்தது. மாதத் தொடக்கத்தில் தட்டில் விதைத்த கேழ்வரகு முளைத்துப் பச்சைப் புல்லாக நின்றது. சாக்கைச் செம்மண்ணில் முக்கி மலை செய்தோம். மலையுச்சியிலிருந்து குடிசைவரை மணலால் ஒரு பாதை. டாங்கியின் முன்பக்கத்தில் கறுப்பு நூலைக் கட்டிக் குடிசைக்கு அடியில் நுழைத்து, சேலைத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நான் இழுக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. இதைச் சொன்னபோதுதான் அப்பாவின் முகம் மாறியது. "புள்ள பொறந்த வூட்டுக்கு டாங்கிய ஓட்டிக்கிட்டுப் போறதா? ஆவாது" என்றார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மாதான் வழக்கை முடித்தாள்: "மூணு ராசாவும் ஒட்டகத்துல வராங்க. நீங்க பதினேழு வருசம் ஓட்டுன வண்டில வந்தா சேசு வேணாம்னா சொல்லப்போறாரு? வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவாதீங்க, அவ்ளோதான்." பழைய ரவிக்கைத் துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மூட்டை தைத்து, அதில் கேழ்வரகை நிரப்பி, டாங்கியின் முதுகில் கட்டினாள். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு டாங்கியின் பீரங்கிக் குழலைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வைத்தார். ஊருக்குள் போகும்போது அப்படித்தான் வைப்பார்களாம்.

திருநாள் அன்று மதியம் கடைசிச் சோதனை. டாங்கி ஓடியது, ஆனால் கீச்சென்று ஒரு சத்தம். "எண்ணெ போடாம வண்டிய எடுக்கக்கூடாது" என்றார் அப்பா. அது அவருக்கு வேதவாக்கு. அவர் தலைக்குத் தேய்ப்பது வடக்கிலிருந்து கொண்டுவந்த கடுகெண்ணெய்; அந்த வாடை அவர் வந்ததிலிருந்து வீட்டில் புதிதாக இருந்தது. அந்தக் குப்பி காலி. அதனால் வெயிலில் வைத்திருந்த அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, கோழி இறகில் தொட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டாக, இரண்டு பக்கமும் குறையில்லாமல் போட்டார். கீச்சு நின்றது, டாங்கி வழுக்கிக்கொண்டு ஓடியது. மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பாட்டில் ஏன் வெயிலில் இருந்தது என்று மூவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. டிசம்பரில் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய்போல உறைந்துவிடும்; தினமும் வெயிலில் வைத்து உருக்கினால்தான் தலைக்கு. அம்மாவுக்கும் எனக்கும் அது பழகிப்போய்க் கண்ணுக்கே தெரியாத விஷயம். அப்பாவுக்கோ அது மறந்தே போயிருந்தது. பதினேழு வருடமும் அவர் லீவில் வந்தது மே மாதத்தில். ராணுவத்துக்குப் போனபின் சொந்த ஊரின் டிசம்பரை அவர் பார்த்ததே இல்லை.

பொழுது சாய்ந்து பனி இறங்கியபின் ஃபாதரும் ஒரு கூட்டமும் வந்தார்கள். பின்னாலேயே பாதி ஊர். திரைக்குப் பின்னால் நான் நூலை இழுத்தேன். கனத்தது. இன்னும் இழுத்தேன். டாங்கி ஓடவில்லை, விறைத்த சங்கிலியோடு மரக்கட்டைபோலச் சறுக்கிக்கொண்டு இறங்கி, மணலை வாரி, கேழ்வரகுப் புல்லை உழுது, இரண்டு ஆடுகளையும் ஒரு இடையனையும் சாய்த்துவிட்டுக் கழுதையின் மீது மோதி நின்றது. அப்புறம் கூட்டமே சிரித்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும், டாங்கிக்குச் சறுக்காதா!" என்று யாரோ சொல்ல, இன்னும் சிரிப்பு. நான் திரைக்குப் பின்னால் நூலைப் பிடித்தபடி அழுதேன். பரிசு போனதற்காக அல்ல, அப்பா போய்விடுவார் என்று.

திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அப்பா குனிந்து டாங்கியை எடுத்தார். சங்கிலியைத் தொட்டார், விரலில் வெள்ளையாக ஒட்டியதை முகர்ந்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாங்கியை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ஃபாதர், வண்டி குளிர்ல நின்னு போச்சுங்க. அஞ்சு நிமிசம் குடுங்க" என்றார்.

அந்த ஐந்து நிமிடத்தை எப்படி ஓட்டுவது? அவர் பேச ஆரம்பித்தார். பாலைவனத்தில் விடியற்காலைக் குளிரில் நிஜ டாங்கியே கிளம்பாது என்றார். "எங்க நாலு பேத்துக்கும் வண்டிக்கும் சேத்து ஒரே தார்ப்பாய்ங்க. வண்டிக்குப் போத்துனா நாங்க வெறைக்கறோம், நாங்க போத்துனா வண்டி வெறைக்குது. கடசில வண்டிக்குப் போத்திட்டு நாங்களும் உள்ள பூந்துட்டோம். காலைல ஆபீசர் வந்து பாக்கறாரு, ஒரு ஆளயும் காணோம். தார்ப்பாய்க்குள்ள கொரட்டை மட்டும் வருது. என்னய்யா, டாங்கி தூங்குதாங்கறாரு!" கூட்டம் மறுபடி சிரித்தது, இந்தச் சிரிப்பு வேறு. ஒருவர் பாலைவனத்தில் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார், இன்னொருவர் டாங்கிக்கு பிரேக் உண்டா என்று கேட்டார். டீக்கடையில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்காத என் அப்பா, அக்குளில் டாங்கியோடு, கைகளை ஆட்ட முடியாமல் தலையை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் பேசினார். அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து, இந்த மனுஷனை எங்கோ பார்த்திருக்கிறோமே என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் உருகி ஸ்வெட்டரில் திட்டாகப் படர்ந்த பிறகு அவர் டாங்கியை வெளியே எடுத்து, அம்மாவின் முந்தானையில் துடைத்து, மலையுச்சியில் வைத்தார். "இழு பாப்பா." இழுத்தேன். சக்கரங்களுக்கு மேல் கண்ணிகள் தொய்வாக ஊர்ந்து வந்து, முன்னால் வளைந்து இறங்கி, மணலில் ஒவ்வொன்றாகப் படிந்து, பின்னால் எழுந்து போயின. நூற்றுத் தொண்ணூறு கண்ணியும் ஓடின. அதில் என் ஆணிகளும் இருந்தன, அம்மாவின் செம்புக் கம்பிகளும் இருந்தன. டாங்கி கேழ்வரகு மூட்டையோடு குடிசை வாசலில் போய் நின்றது.

பரிசு டீச்சர் வீட்டு ரயிலுக்குத்தான் போனது. ரயில் நிற்காமல் ஓடியதே. ஆனால் மறுநாள் காலையில், கூட்டத்தில் நின்றிருந்த ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். நிலம் சமன்செய்யும் புல்டோசர் வைத்திருந்தவர்; எங்கள் பக்கத்தில் அதைச் 'செயின் வண்டி' என்போம். "நம்ம வண்டில செயினு அடிக்கடி கழண்டுக்குதுங்க. நீங்க ஒருக்கா வந்து பாக்கறீங்களா?" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார், பொழுது சாய மேலெல்லாம் கிரீஸோடு வந்தார். "பாவம், இழுத்துக் கட்டி வச்சிருக்காங்க. தொய்வு குடுத்துட்டு வந்தேன்" என்றார் அம்மாவிடம். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார்கள். புத்தாண்டு வந்தது, போனது. கறுப்புத் தகரப் பெட்டி கேழ்வரகு கொட்டிவைக்கப் போனது. பெங்களூர்ச் சித்தப்பா இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சரியாகிவிட்டார்.

இதெல்லாம் நடந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. நான் இப்போது தருமபுரியில் குடியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன். செயின் வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. குடில் போட்டி நின்று நாளாகிறது. கடுகெண்ணெய் வாடை வீட்டில் இல்லை. மே மாதத்து அப்பாவும் போனவர்தான். வருடம் முழுக்க இருக்கும் அப்பா வீட்டிலிருக்க, அவரை நான் தேடவே இல்லை. டாங்கி மட்டும் இருக்கிறது. செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தாலும் சங்கிலி ஓடுகிறது. இப்போது அதற்குத் தையல் மெஷின் எண்ணெய்தான்.

போன டிசம்பரில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. திருநாள் மதியம், அப்பா பார்க்காத நேரத்தில், சங்கிலி முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். பொழுது சாய்ந்து குடில் முன் எல்லோரும் உட்கார்ந்ததும், என் மகள் திரைக்குப் பின்னாலிருந்து நூலை இழுத்தாள். டாங்கி எந்தத் தடங்கலும் இல்லாமல் கடகடவென்று இறங்கத் தொடங்கியது. எங்கள் ஊர் டிசம்பரில் முன்போலக் குளிர் இல்லை. அம்மா இப்போதெல்லாம் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைப்பதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. சப்பென்று ஆகிவிட்டது.

அப்போது அப்பாவின் கை நீண்டு, பாதி வழியில் டாங்கியைப் பிடித்துத் தூக்கியது. சங்கிலியைத் தொட்டு முகர்ந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு புதுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி அதை உள்ளே விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வண்டி குளிர்ல நின்னு போச்சு" என்றார்.

"இல்லியே தாத்தா, நல்லா ஓடிச்சே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து என் மகள் கத்தினாள்.

"நின்னு போச்சுன்னா நின்னு போச்சு கண்ணு. அஞ்சு நிமிசம் குடுங்க."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஆரம்பிச்சுட்டாரு! புதுச் சட்டைங்க அது!" நான் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அப்பாவின் எண்ணெய்ப் பக்கமாகப் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.